நான்கு வருட வார்டு அனுபவம் நீட்டில் எங்கே எண்ணப்படும்?

கல்லிடைக்குறிச்சியிலிருந்து கேட்டிருக்கும் தங்கச்சிக்கு. உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட மாதிரி முதலில் சொல்லிவிடுகிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள். வயது 27. பி.எஸ்சி. நர்சிங் முடித்து நான்கு வருடமாக வண்ணார்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. 2024-இல் நீட் எழுதி 371, 2025-இல் மறுபடியும் எழுதி 342. இன்னொரு தடவை எழுதப் போகிறீர்கள். அமெரிக்காவில் இருக்கும் உங்கள் அத்தை மகள், அனுபவச் சான்றிதழ், டாக்டர்களின் சிபாரிசுக் கடிதம், ஐ.சி.யூ. பயிற்சி எல்லாம் சேர்த்து விண்ணப்பத்தைப் பலப்படுத்தச் சொல்லியிருக்கிறார், அதை எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் கேள்வியைத் திரும்பத் திரும்பப் படித்தபோது, நீங்கள் உண்மையில் கேட்பது இதுதான் என்று பட்டது: நான் நான்கு வருடம் வார்டில் நின்றது எங்கேயாவது கணக்கில் வருமா, இல்லை அவ்வளவும் வீணா?

நான் டாக்டர் இல்லை. பாளையங்கோட்டையில் உதவிபெறும் பள்ளி ஒன்றில் 31 வருடம் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவன். 2017-இல் நம் மாநிலத்துக்கும் நீட் வந்ததிலிருந்து, மறுபடி எழுதும் பிள்ளைகளுக்கு நானும் சில நண்பர்களும் சாயங்காலங்களில் சொல்லிக்கொடுக்கிறோம். அதில் உங்களைப் போல நர்ஸ் வேலையில் இருந்துகொண்டே வந்தவர்கள் ஐந்து பேர். இரண்டு பேர் எம்.பி.பி.எஸ். சேர்ந்தார்கள், ஒருவர் சித்த மருத்துவம் போனார், இரண்டு பேர் வேலைக்கே திரும்பினார்கள். ஐந்து பேரை வைத்துக்கொண்டு பொது விதி சொல்ல முடியாது. ஆனால் அந்த ஐந்து பேரும் எந்த இடத்தில் தடுக்கினார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

சரி, நேராகச் சொல்கிறேன். எம்.பி.பி.எஸ். சேர்க்கையில் உங்கள் நான்கு வருட அனுபவத்துக்கு ஒரு மார்க் கூடக் கிடையாது. அத்தை மகள் சொன்னது பொய்யில்லை, அது அந்த ஊர் முறை. அங்கே ஒரு பட்டப்படிப்பு முடித்துவிட்டுத்தான் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கிறார்கள். 472-லிருந்து 528 வரை மதிப்பெண் போடும் எம்கேட் தேர்வு ஒன்று உண்டு, அதோடு தன்னைப் பற்றிய கட்டுரை, சிபாரிசுக் கடிதங்கள், ஆஸ்பத்திரி அனுபவம், நேர்காணல் எல்லாம் சேர்த்துப் பார்ப்பார்கள். அங்கே ஒரு நர்ஸ் இரண்டாவது முறை விண்ணப்பிக்கிறார் என்றால் இதையெல்லாம் சீர்படுத்துவதில் அர்த்தம் உண்டு. இங்கே நேர்காணலும் இல்லை, கட்டுரையும் இல்லை. பிளஸ் டூ மதிப்பெண்ணுக்குக்கூடத் தகுதிக்கு மேல் வேலை இல்லை. நர்சிங்கிலிருந்து எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பக்கவாட்டில் நுழையும் வழியும் இல்லை. 180 கேள்வி, 720 மார்க், அதில் வரும் தரவரிசை, அப்புறம் உங்கள் சாதிப் பிரிவு, படித்த பள்ளி, அவ்வளவுதான். ஆகவே சிபாரிசுக் கடிதத்துக்காக எந்த டாக்டர் பின்னாலும் அலையாதீர்கள். அவசர சிகிச்சைப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதாக இருந்தால் வேலைக்காகக் கட்டுங்கள், சீட்டுக்காக வேண்டாம்.

சந்தேகமே இல்லாத விஷயங்கள் சிலவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வீட்டில் இதை வைத்துத்தான் சண்டை வரும். நீட் எழுத மேல் வயது வரம்பு இல்லை, 2022 மார்ச்சில் தேசிய மருத்துவ ஆணையம் அதை எடுத்துவிட்டது. எத்தனை தடவை எழுதலாம் என்ற வரம்பும் இல்லை. பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் ஆங்கிலமும் படித்துத் தேறியிருக்க வேண்டும். இதைப் படிக்கும் வேறு யாராவது தொழிற்கல்விப் பிரிவிலோ கலைப் பிரிவிலோ பிளஸ் டூ முடித்துவிட்டு டிப்ளமோ நர்சிங் போயிருந்தால், விட்ட பாடங்களைக் கூடுதல் பாடமாக எழுதித் தேறினாலும் ஏற்போம் என்று 2023 நவம்பரில் ஆணையம் அறிவித்ததைக் கவனியுங்கள். இன்னொன்று, நீட் ரத்தாகிவிடும் என்று யாராவது சொன்னால் அதற்காகக் காத்திருக்காதீர்கள். 2021-இல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்கு மசோதாவுக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் கிடைக்கவில்லை என்று 2025 ஏப்ரலில் சட்டமன்றத்திலேயே சொல்லிவிட்டார்கள்.

இப்போது உங்கள் மார்க்குக்கு வருகிறேன். 371-லிருந்து 342-க்கு இறங்கிவிட்டேன், எனக்கு மூளை மங்கிவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். அது எனக்கு மனசுக்குக் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் அந்தக் கணக்கே தப்பு. 2024-இல் 720-க்கு 720 எடுத்தவர்களே ஒரு டஜனுக்கு மேல் இருந்தார்கள். பொதுப் பிரிவில் தேறுவதற்கே 162 வேண்டியிருந்தது. 2025 வினாத்தாளில் நாட்டிலேயே முதலிடம் 686 தான், தேறும் மார்க் 144-க்கு இறங்கியது. இயற்பியல் அவ்வளவு நீளமாகவும் கடினமாகவும் இருந்தது. இரண்டு வருட மார்க்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது, வெள்ளம் வந்த வருட தாமிரபரணியையும் கோடைத் தாமிரபரணியையும் ஒரே கோலால் அளப்பது மாதிரி. உங்கள் இரண்டு மதிப்பெண் அட்டையிலும் அகில இந்தியத் தரவரிசையும் சதமானமும் போட்டிருப்பார்கள், அந்த இரண்டையும் ஒப்பிடுங்கள். நீங்கள் முன்னேறித்தான் இருப்பீர்கள் என்று பந்தயம் கட்டுவேன்.

அப்புறம் அந்த 342-ஐப் பிரித்துப் பாருங்கள். நீங்கள் கொடுத்த விவரப்படி உயிரியலில் 62 சரி, 24 தவறு. வேதியியலில் 24 சரி, 18 தவறு. இயற்பியலில் 15 சரி, 20 தவறு. மொத்தம் 101 சரி, 62 தவறு, 17 கேள்வியைத் தொடவில்லை. சரிக்கு 4 மார்க், தவறுக்கு 1 மார்க் கழிவு என்ற கணக்கில் உயிரியல் 224, வேதியியல் 78, இயற்பியல் 40. இதில் என் கண்ணில் குத்துவது அந்த 62 தான். இயற்பியலில் சரியை விடத் தவறு அதிகம் என்றால், தெரியாத கேள்விக்கும் கை போயிருக்கிறது என்று அர்த்தம். நான்கில் இரண்டு விடையை உறுதியாகத் தள்ளிவிட முடிந்தால் மீதி இரண்டில் ஒன்றைத் தொடுவது லாபம்தான், ஒன்றையும் தள்ள முடியாதபோது தொடுவதில் பெரிதாக ஒன்றும் கிடைக்காது, நேரம் போவதுதான் மிச்சம். இயற்பியலில் 25 சரி, 8 தவறு என்று வந்தால் 92. வேதியியலில் 34 சரி, 6 தவறு என்றால் 130. உயிரியலில் 78 சரி, 9 தவறு என்றால் 303. கூட்டினால் 525. இதில் எந்த எண்ணும் மலை இல்லை, மூன்றும் ஒரே வருடத்தில் வரவேண்டும் என்பதுதான் கஷ்டம். 525 போதுமா என்று கேட்டால், 2025 மாதிரியான வருடத்தில் அது அரசு இடத்தைப் பற்றிப் பேச வைக்கும் மார்க். 2024 மாதிரியான வருடத்தில் பொதுப் பிரிவில் 600 எடுத்தவர்களே அரசுக் கல்லூரி கிடைக்காமல் திரும்பினார்கள். அடுத்த தாள் எப்படி இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்கிறவர்களை நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

இயற்பியல்தான் உங்களைக் கவிழ்க்கிறது, நர்ஸாக வந்த ஐந்து பேருக்கும் அப்படித்தான். பிளஸ் டூ முடித்து எட்டு, ஒன்பது வருடம் ஆகிவிட்டது, சூத்திரத்தைப் பார்த்தாலே பயம். முதல் நாளே பயிற்சிக் கேள்வி கொடுத்து அந்தப் பயத்தைப் போக்க முடியாது என்று இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. அப்புறம் ஒரு பெண் வந்தாள், ஐகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு எதிரே அறை எடுத்துத் தங்கி வேலை பார்த்தவள். அவளிடம் 500 மில்லி சலைன் நான்கு மணி நேரத்தில் ஏறணும், மில்லிக்கு 20 சொட்டு, நிமிடத்துக்கு எத்தனை என்றேன். பேனா எடுக்கவே இல்லை, 42 என்றாள். அம்மா, நீ இப்போது செய்தது அலகு மாற்றம், இயற்பியலில் முதல் பாடமே அதுதான் என்றேன். அவள் முகம் மாறியதை இன்றும் மறக்கவில்லை. அடுத்த நாள் டிரிப்ஸ் ஸ்டாண்டை எடுத்துக்கொண்டோம். பாட்டில் கையை விட ஒரு மீட்டர் உயரத்தில் தொங்கினால் அழுத்தம் எவ்வளவு? அடர்த்தி, ஈர்ப்பு, உயரம் மூன்றையும் பெருக்கினால் சுமார் 9,800 பாஸ்கல். ஒரு மில்லிமீட்டர் பாதரசம் 133 பாஸ்கல், ஆக ஏறத்தாழ 74 மில்லிமீட்டர் பாதரசம். சிரையில் இருக்கும் அழுத்தம் அதை விட ரொம்பக் குறைவு, அதனால் சலைன் உள்ளே போகிறது. பாட்டிலைக் கட்டிலுக்குக் கீழே இறக்கினால் குழாயில் ஏன் ரத்தம் ஏறுகிறது என்பதை அவள் நூறு தடவை பார்த்திருக்கிறாள், ஆனால் அதுதான் திரவ அழுத்தம் என்று யாரும் சொன்னதில்லை. சிரையில் செருகும் குழாயான வென்ஃப்ளானில் அகலமான பச்சை போட்டால் வேகமாகவும் ஒல்லியான நீலம் போட்டால் மெதுவாகவும் ஏறுவதில் பாகுநிலைப் பாடம் வருகிறது. ஆக்சிஜன் சிலிண்டரின் மீட்டரில் வாயு விதி, ஈ.சி.ஜி. வயரில் மின்னழுத்த வேறுபாடு. உங்கள் நான்கு வருடம் எங்கே எண்ணப்படும் என்று கேட்டீர்களே, எனக்குத் தெரிந்து இங்கேதான். விண்ணப்பப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, ஆனால் பாடம் மண்டையில் ஏறும்போது அது துணைக்கு வரும்.

படிக்கும் வரிசையில் என் யோசனை: அலகுகளும் பரிமாணங்களும், நவீன இயற்பியல், குறைகடத்தி, மின்னோட்டம், கதிர் ஒளியியல், வெப்ப இயக்கவியல். இவற்றில் சூத்திரம் குறைவு, கேள்வி நேராக வரும். சுழற்சி இயக்கத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். இது என் அனுபவத்தில் வந்த வரிசை, வேறு ஆசிரியர் வேறு மாதிரி சொல்லலாம், அதுவும் தப்பில்லை. வேதியியல் பற்றி நான் அதிகம் பேச மாட்டேன், என் பாடம் இல்லை. கனிம வேதியியலை என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தின் வரிக்கு வரி படிக்கச் சொல்வார்கள் எங்கள் வேதியியல் ஆசிரியை, அதை அப்படியே உங்களுக்குக் கடத்துகிறேன்.

உயிரியலில் உங்களுக்கு ஒரு ஆபத்து இருக்கிறது, அது உங்களுக்கே தெரியாத ஆபத்து. நல்ல நர்ஸ் என்பதால் வரும் தவறு. நிமிடத்துக்கு மூச்சு எத்தனை என்று கேட்டால் உங்கள் கை 12 முதல் 20 என்று போகும், வார்டு சார்ட்டில் அப்படித்தான் எழுதியிருக்கிறீர்கள். பதினோராம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகத்தில் 12 முதல் 16. தேர்வில் கேட்பது அந்தப் புத்தகத்தை. என்னிடம் படித்த ஒருவர் மனித உடலியங்கியலில் மட்டும் மாதிரித் தேர்வுக்கு மாதிரித் தேர்வு நாலைந்து கேள்வியை இப்படி விட்டார், தனக்குத் தெரியும் என்று அந்தப் பாடத்தைத் திருப்பிப் படிக்கவே இல்லை. தெரிந்த பாடத்தையும் புதுசாகப் படியுங்கள். இன்னொன்று, உயிரியலின் 90 கேள்வியில் பாதி தாவரவியல். ஒளிச்சேர்க்கை, பூவின் அமைப்பு இதெல்லாம் நர்சிங்கில் தொட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் 24 தவறில் எத்தனை அந்தப் பக்கம் என்று எண்ணிப் பாருங்கள்.

வேலையை விடவா என்று கேட்டிருந்தீர்கள். இதில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுதான்: நீட் மதியம் 2 மணிக்குத் தொடங்கி 5 மணிக்கு முடிகிறது, அதுவும் மே மாத வெயிலில். நைட் டியூட்டி பார்க்கிறவர் அந்த நேரத்தில் தூங்குகிறவர். உடம்பு அந்த மூன்று மணி நேரத்தைத் தூக்க நேரமாகப் பழகிவிட்டால், படித்தது அத்தனையும் இருந்தும் கண் சொக்கும். ஆகவே மார்ச், ஏப்ரல் இரண்டு மாதமாவது நைட் டியூட்டி கூடவே கூடாது, மாதிரித் தேர்வை மதியம் 2 மணிக்கே வீட்டில் உட்கார்ந்து எழுதுங்கள். அதற்கு முன்னால் என்றால், கையில் ஐந்து மாதச் செலவுக்குப் பணம் சேரும் வரை, அதாவது நவம்பர், டிசம்பர் வரைக்கும், வேலையில் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். டயாலிசிஸ் மாதிரி நேரம் நிலையான பிரிவுக்கு மாற்றித் தர முடியுமா என்று மேட்ரனிடம் கேளுங்கள். நைட் முடித்து வந்தால் முதலில் தூங்குங்கள், தூங்காமல் படித்தது நிற்காது. செங்கோட்டை பாசஞ்சரில் போக வர ஒன்றே முக்கால் மணி நேரம் கிடைக்கும் என்று எழுதியிருந்தீர்கள். அதில் உயிரியல் மட்டும் படியுங்கள், ரயிலில் கணக்குப் போட வராது. லட்சக்கணக்கில் கட்டி நாமக்கல் பக்கம் பயிற்சி மைய விடுதியில் தங்கிப் படிக்கலாமா என்றால், பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு அது ஒத்துவருகிறது. உங்களுக்கு எப்படி இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம்தான்.

காகிதங்களைப் பற்றிக் கொஞ்சம் கோபத்தோடுதான் சொல்லப் போகிறேன். எங்களிடம் படித்த ஒரு பெண்ணுக்கு ரேங்க் வந்து, கலந்தாய்வுக்குப் போக வேண்டிய வாரத்தில், வேலை பார்த்த தனியார் ஆஸ்பத்திரி அசல் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு, ஒப்பந்தக் காலம் முடியவில்லை, பணம் கட்டு என்றார்கள். அப்பா கடன் வாங்கிக் கட்டினார். உங்கள் அசல்கள் யார் கையில் இருக்கின்றன? ஆஸ்பத்திரியில் இருந்தால் இந்த மாதமே கேட்டு வாங்குங்கள், கலந்தாய்வு அழைப்பு வந்த பிறகு கேட்டால் உங்கள் அவசரம் அவர்களுக்குத் தெரிந்துவிடும். அடுத்தது, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை எந்தப் பள்ளியில் படித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அத்தனை வருடமும் அரசுப் பள்ளி, அதாவது பஞ்சாயத்து யூனியன், நகராட்சி, ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளும் சேர்த்து, என்றால் 2020-இல் வந்த 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் வருவீர்கள். அந்தப் பட்டியலில் தேவைப்படும் மார்க் பொதுப் பட்டியலை விட நன்றாகவே குறைவு, கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. ஆனால் அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது. நம் பக்கத்தில் மிஷன் பள்ளிகளும் மற்ற உதவிபெறும் பள்ளிகளும் நிறைய, பள்ளிக் கட்டணமும் இல்லாமல் சத்துணவோடு படித்ததால் அதையே அரசுப் பள்ளி என்று நினைத்துக்கொண்டு விண்ணப்பித்து ஏமாந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். என் பள்ளிப் பிள்ளைகளே அப்படி வெளியே நின்றார்கள், அது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

342 எடுத்துத் தேறியிருப்பதால் வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். ஏஜென்டுகள் உங்களுக்கு போன் செய்திருப்பார்கள், இன்னும் செய்வார்கள். விதி இது: அங்கே குறைந்தது 54 மாதப் படிப்பு, அங்கேயே 12 மாதப் பயிற்சி, படிப்பு ஆங்கிலத்தில், திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய தகுதித் தேர்வு, அப்புறம் இங்கே இன்னொரு வருடப் பயிற்சி. அந்தத் தகுதித் தேர்வில் முக்கால்வாசிப் பேர் தோற்பது பல தடவை நடந்திருக்கிறது. அம்பை பக்கம் ஒரு குடும்பம் இதற்காக வயலை விற்றது எனக்குத் தெரியும், பையன் இன்னும் அந்தத் தேர்வை எழுதிக்கொண்டிருக்கிறான். பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, அதற்கும் இதே நீட் மார்க்தான். ஆனால் சித்த மருத்துவம் பிடித்திருந்தால் மட்டும் போங்கள். எங்களிடமிருந்து போன பெண்ணுக்கு அவள் தாத்தா வைத்தியர், அதனால் மனசார போனாள், நன்றாகப் படிக்கிறாள்.

இனி எனக்குப் பதில் தெரியாத பகுதி. 28-இல் சேர்ந்தால் பயிற்சி வருடமும் முடிய 33, 34 ஆகிவிடும், மேற்படிப்பு என்றால் இன்னும் மூன்று வருடம். அதுவரை சம்பளம் இல்லை. வீட்டில் கல்யாணப் பேச்சு நடக்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போயிருக்கிறீர்கள், அந்த ஒரு வரிதான் எல்லாவற்றையும் விடக் கனமானது என்று எனக்குத் தெரியும். அதில் தீர்ப்பு சொல்ல நான் யார்? உங்கள் அம்மா அப்பாவிடம் இத்தனை தடவைதான் எழுதுவேன் என்று ஒரு எண்ணைச் சொல்லி, அதை நீங்களும் காப்பாற்றினால் பேச்சு கொஞ்சம் இறங்கும், எங்களிடம் வந்த பிள்ளைகள் வீட்டில் அப்படித்தான் நடந்தது. நர்ஸ் பதிவைப் புதுப்பித்தே வைத்திருங்கள், மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் நர்ஸ் தேர்வு அறிவிப்பு வந்தால் அதையும் எழுதுங்கள். வேலைக்கே திரும்பிய இரண்டு பேரில் ஒருவர் இன்று தீவிர சிகிச்சை நர்ஸ் பிராக்டிஷனர் மேற்படிப்பு முடித்து, நோயாளி பக்கத்தில் நின்று முடிவெடுக்கும் வேலையில் இருக்கிறார். அதைத்தான் நான் டாக்டர் படிப்பில் தேடினேன் என்று என்னிடம் சொன்னார்.

இன்றைக்கு நைட் இல்லை என்றால் ஒரு வேலை செய்யுங்கள். தேர்வு முகமை தந்த ஓ.எம்.ஆர். விடைத்தாள் நகலையும் விடைக் குறிப்பையும் எடுத்து, அந்த 62 தவறையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, பக்கத்தில் மூன்றில் ஒன்றை எழுதுங்கள்: பாடமே தெரியாது, தெரிந்தும் கேள்வியைத் தப்பாகப் படித்தேன், கணக்கில் கை தவறியது. இயற்பியலின் 20 தவறை மட்டும் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பாடத்திலிருந்து தொடங்கலாம் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.